போன வாரக் காற்று

ஜனவரி 10, வியாழன்

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தேன். ஒரு வாக்கியத்தை அழித்தேன். அதே வாக்கியத்தை மறுபடி எழுதினேன். மூடிவிட்டு வேலைக்குப் போனேன்.

வானொலியில் என்ன வேலை என்று பல்கலைக்கழகத்தில் யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன். மதியத்திலிருந்து மாலைவரை ஊரே ஃபுட்பால் பேசும் நிகழ்ச்சி, பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பால். ஆட்கள் போனில் கூப்பிடுவார்கள். நான் எடுத்து பெயர், இடம், என்ன சொல்லப்போகிறார் என்று ஒரு வரி அடித்து அனுப்புவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மிக் அதைப் படித்துவிட்டு யாரை உள்ளே விடுவது என்று விரலால் காட்டுவான். சேர்ந்த அன்று அவன் சொன்ன பாடம்: "கோவமா இருக்கறவன் வேணும். இல்லன்னா லூசு வேணும். நியாயமா பேசறவன மட்டும் அனுப்பிராத, கார் ஓட்டறவன் தூங்கிருவான்."

அப்பாவும் கூப்பிடுவார், வாரம் தவறாமல். ஒலிபரப்பில் அவர், எங்கள் ஊர்ப் பெயரோடு, 'ஈஸ்ட் பிராவிடன்ஸ் செல்மோ'. நான் அவர் மகள் என்று மிக்குக்குத் தெரியாது. அப்பாவும் காட்டிக்கொள்ள மாட்டார். "வணக்கம் மேடம், செல்மோ பேசறேன்." "லைன்ல இருங்க சார்." வீட்டில் இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவே இருக்கும் ஒரே ரகசியம். ஒரே நெருக்கமும் இதுதானோ?

ஜனவரி 13, ஞாயிறு

தோற்றால் இந்தப் பருவம் முடிந்தது என்ற ஆட்டம். எங்கள் ஊர் அணி ஆங்கர்ஸ் ஜெயித்தது.

காலையில் மாதா கோயிலில் ஒரு பூசை, மதியம் எங்கள் வீட்டில் இன்னொன்று. இரண்டாவதில்தான் விதிகள் அதிகம். டிவிக்கு நேரே இருக்கும் சாய்வு நாற்காலியில் அப்பாவைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. அணியின் பந்தெறியும் கேப்டன் ஹாலரனின் எண் போட்ட நீலச் சட்டையைப் பருவம் முடியும்வரை துவைக்கக் கூடாது. எங்கள் போர்ச்சுகீசிய இனிப்பு ரொட்டியை இடைவேளைக்கு முன் வெட்டக் கூடாது. ஒரு வருடம் அம்மா பசி பொறுக்காமல் வெட்டிவிட்டாள். கத்தியைக் கீழே வைப்பதற்குள் எதிரணி பந்தோடு நம் எல்லைக்குள் ஓடி டச்டவுன் போட்டுப் புள்ளி எடுத்தது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

"சட்டையத் துவைச்சா தோத்துருவாங்கன்னா, அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? சோப்பு போய்ச் சொல்லுமா?" என்றாள் அம்மா.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"நாத்தம் புரியுது."

வெஸ் ஹாலரன் எறிந்த முதல் பந்தையே எதிரணி டோலிடோக்காரன் ஒருவன் பறித்துக்கொண்டான். பந்தைக் குழந்தையைப்போல அணைத்தபடி தன் ஆட்களிடம் ஓடினான், நினைவாக வீட்டில் வைத்துக்கொள்ள. அப்பா மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் சரியாகப் போனது.

ஒருமுறை திரையில் அண்ணன் தெரிந்தான். துவார்த்தே, தோளில் பந்துப் பையோடு, மைதானக் கோட்டு ஓரத்தில். அணியின் தளவாட அறையில் சேர்ந்து பல வருடம் ஆகிறது. இந்தப் பருவத்தில்தான் பந்துகள் அவன் பொறுப்பில் வந்தன. "நம்மாளு, நம்மாளு" என்று அப்பா எழுந்துவிட்டார். எழுவதற்குள் படம் மாறிவிட்டது.

ஜனவரி 14, திங்கள்

டோலிடோக்காரன் கொண்டுபோன பந்து மெத்தென்று இருந்ததாம். அளந்தார்களாம். காற்று குறைவு. என் மேசையில் எல்லா லைனும் மினுக்குகிறது. மிக் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்கிறான்.

ஜனவரி 15, செவ்வாய்

நேற்றுவரை யாருக்கும் தெரியாத ஒரு விதியை இன்று ஊரே ஒப்பிக்கிறது. ஒவ்வொரு அணியும் தன் பந்துகளைத் தானே கொண்டுவரும். ஆட்டத்துக்கு முன் நடுவர் காற்றை அளந்து, குறைந்தால் அடைத்து, வெள்ளிப் பேனாவால் தன் கையெழுத்தைப் போடுவார். அதன்பின் அதை யாரும் மாற்றக் கூடாது. காற்று குறைந்தால் பிடி நன்றாக இருக்கும், குளிரில் இன்னும். ஆகவே யாரோ ஊசி போட்டு இறக்கியிருக்கிறார்கள். ஆகவே மோசடி. இந்த இரண்டு 'ஆகவே'களையும் யாரும் நின்று பார்ப்பதில்லை.

க்ரான்ஸ்டன் டீனா: "குளிர்ல என் கார் டயரே எறங்குது மிக். அதுக்கு நான் என் புருஷன சந்தேகப்படணுமா?"

"சந்தேகப்படு டீனா. டயருக்காக இல்ல."

லாரி ஓட்டும் பட்: "மெத்துனு இருந்த பந்த டோலிடோக்காரன்தானே பிடிச்சான்? அவனுக்குல்ல நாம உதவி பண்ணியிருக்கோம்."

டோலிடோவிலிருந்து ஒருவன், பெயர் சொல்லவில்லை: "உங்க ஊர்ல எதுலதான்டா காத்து இருக்கு?"

பிறகு அப்பா. "மேடம், செல்மோ." குரல் நடுங்கியது. 'செல்மோ. கோபம்' என்று மட்டும் அடித்தேன். மிக் உடனே விரலைக் காட்டினான்.

"மிக், கேட்டுக்கோ. இது டோலிடோ வேலை. எடுத்துட்டுப் போயி அவங்களே ஊசி போட்டுட்டு நம்ம தலையில கட்டறாங்க. நம்ம ஆளுங்க எவனும் செய்ய மாட்டான். செஞ்சிருந்தா, சொல்றேன், அவன் என் மகனா இருந்தாலும் சரி, கைய ஒடச்சு ஸ்டேடியம் வாசல்ல தொங்க விடுவேன்."

மிக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுக்கச் சொன்னான். *என் மகனா இருந்தாலும் சரி.* நாளையிலிருந்து ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முன்னால் ஓடும்.

வீட்டில் சாப்பிடும்போது அப்பா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்த ரகசியத்தை அவர் முகத்தில் பார்த்தது இதுதான் முதல் முறை.

துவார்த்தே போன் எடுக்கவில்லை.

ஜனவரி 16, புதன்

என் மகனா இருந்தாலும் சரி. பிறகு மெத்தை விளம்பரம். என் மகனா இருந்தாலும் சரி. பிறகு பனிக்கால டயர் விளம்பரம்.

ஜனவரி 17, வியாழன்

அந்தப் பந்தில் இருந்த கையெழுத்து ஞாயிறு ஆட்டத்து நடுவருடையது அல்ல. அதற்கு முந்தைய ஆட்டத்து நடுவருடையது. அதாவது பந்து அன்று அளக்கப்படவே இல்லை, யாரோ ஒளித்து வைத்து உள்ளே விட்டிருக்கிறார்கள். அணி ஒரு ஊழியரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. மதியத்துக்குள் பெயர் வந்துவிட்டது. துவார்த்தே ஃபுர்ட்டாடோ.

விளம்பர இடைவேளையில் மிக் என் பக்கம் வந்தான்.

"ஃபுர்ட்டாடோன்னு இந்த ஊர்ல எத்தன பேர் இருப்பீங்க?"

"நிறைய."

"உனக்கு அவன்...?"

"அண்ணன்."

பேசியே பிழைக்கிற மனிதன் என் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடி வைத்தான். பிறகு, "அவனக் கூட்டிட்டு வாயேன் லிடியா. ஒரு பத்து நிமிஷம். நல்லவிதமா நடத்துவேன்."

"மாட்டேன்."

"சரி. லைனை எடு."

எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன். அவனைச் சிறையில் போடச் சொன்னவர்களை. அவன் முகத்தில் ஊசி போடச் சொன்னவளை. எல்லாருக்கும் பெயர், இடம், ஒரு வரி. நான் ஏன் எழுந்து போகவில்லை? வேறு யாராவது அங்கே உட்கார்ந்தால் அவர்களைப் பற்றி எனக்குத் தெரியாமல் போய்விடும் என்றா? தெரிந்து என்ன செய்யப் போகிறேன்?

நடுநடுவே அந்தத் துண்டு. அது யார் குரல் என்று மிக்குக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் கேமராக்கள். அம்மா கதவைத் திறந்து, "அங்க நிக்காதீங்க, பனிக்குக் கீழ துலிப் கிழங்கு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சாத்தினாள். அப்பா நாற்காலியில் இருந்தார். சமையலறை வானொலி அணைந்திருந்தது. நான் பிறந்ததிலிருந்து அந்த நேரத்தில் அது அணைந்து பார்த்ததில்லை.

ஜனவரி 18, வெள்ளி

ஹாலரன் பத்திரிகையாளர்களைச் சந்தித்தான். கம்பளித் தொப்பி, சிரிப்பு.

"பந்து என் கைக்கு வருது, நான் எறியறேன். யாரு குடுக்கறாங்கன்னு பாக்கறதில்ல. அந்தப் பையன்மேல எனக்குக் கோவம் இல்ல. டேனியல், இல்லையா?"

பக்கத்தில் யாரோ காதில் சொன்னார்கள்.

"ஆங், துவார்த்தே."

எங்கள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஹாலரன் குடும்பத்தின் கிறிஸ்துமஸ் அட்டை இருக்கிறது. 'துவார்த்தேவுக்கு, நீ இல்லாமல் எதுவும் ஆகாது, வெஸ்' என்று அவன் கையால் எழுதியது. அம்மா அதைக் கிழிக்கவில்லை. திருப்பி ஒட்டினாள். வெள்ளைப் பக்கத்தில் 'முட்டை, சோப்பு' என்று எழுதினாள்.

ஜனவரி 19, சனி

அண்ணன் கூப்பிட்டான். ஆற்றங்கரைப் பல்பொருள் அங்காடியின் வாகன நிறுத்தத்தில் அவன் காரில் உட்கார்ந்தோம். தொப்பியைக் கண்வரை இழுத்திருந்தான். காபிப்பால் வாங்கிப் போயிருந்தேன். சின்ன வயதில் போல உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

"ஊசி போடல" என்றான்.

"தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்? ஒளிச்சு வச்சது நான்தான்."

பிறகு சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை போய்விடலாம்.

அக்டோபரில் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. ஒரு வழியாக ஒரு ஆட்டம் ஜெயித்தது. அடுத்த ஞாயிறுக்கு முன், வீட்டில் சூப் சாப்பிடும்போது அப்பா சொன்னாராம்: "ஜெயிச்ச பந்த மூலையில போட்டுட்டு எதுக்குப் புதுசு எடுக்கறீங்க? அதுலயே ஆரம்பிங்கடா." அண்ணன் மறுநாள் ஹாலரனிடம் இதை வேடிக்கையாகச் சொன்னான். ஹாலரன் சிரிக்கவில்லை. அந்த வாரம் முதல் பந்து அதுதான். ஜெயித்தார்கள். அதற்கடுத்த வாரம், அந்த ஆட்டத்தை முடித்த பந்து. ஜெயித்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நடுவர் பழைய பந்தையும் அளப்பார், காற்றடைப்பார், புதுக் கையெழுத்துப் போடுவார்.

"அப்புறம் டோலிடோ ஆட்டம். பெரிய ஆட்டம் இல்லியா. காலையில வெஸ் வந்து பந்தத் தடவிப் பாத்தான். 'இத அவங்ககிட்டக் குடுக்காத'ன்னான். 'ஏன்'னேன். 'காத்தடிச்சாங்கன்னா அது வேற பந்து'ன்னான்."

"என்னது?"

"போன வாரக் காத்து உள்ள இருக்கணும்னான். ஜெயிச்ச அன்னிக்கு இருந்த காத்து." என்னைத் திரும்பிப் பார்த்தான். "சிரிக்க மாட்டியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சட்டையின் நாற்றம்தான் நினைவுக்கு வந்தது.

"நான் மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்" என்றான். "தோணவே இல்ல லிடியா. சரின்னுதான் பட்டது. நம்ம வீட்ல வளந்தவனுக்கு அதுல என்ன தப்பு தெரியும்? ரொட்டியக்கூட இடைவேளைக்கு முன்னால வெட்டாதவன் நான்."

"இத அப்படியே போய்ச் சொல்லு அண்ணா."

"சொன்னா? காத்து எறக்கினேன்னா நான் திருடன். போன வாரக் காத்தக் காப்பாத்தினேன்னா கோமாளி. அதுவும் யாரு சொல்லிக் குடுத்தான்னு கேப்பாங்க. ஊரே அப்பாவப் பாத்துச் சிரிக்கும்." குழலை எடுத்து வெளியே எறிந்தான். "திருடனாவே இருந்துட்டுப் போறேன். நீயும் வாயத் திறக்காத. அந்த வீட்ல, அந்த ரேடியோல, எங்கயும்."

தலையாட்டினேன். தலையாட்டியது சம்மதமா என்று தெரியவில்லை.

ஜனவரி 20, ஞாயிறு

ஆட்ட நாளில் அண்ணன் வீட்டில் இருப்பது, அணியில் வேலைக்குச் சேர்ந்தபின் இதுவே முதல் தடவை. அவனுக்கு இடமில்லை. அதாவது சோபா இருக்கிறது, நாற்காலிகள் இருக்கின்றன. ஆனால் ஆட்ட நாளில் யார் எங்கே என்பது எப்போதோ முடிவானது, அதில் அவன் இல்லை. கொஞ்ச நேரம் கதவருகே நின்றான். பிறகு துணி காயப்போடுவதாகச் சொல்லிக் கீழறைக்குப் போனான்.

அப்பா அதே சட்டை. அதே நாற்காலி.

கடைசி நிமிடத்தில் ஹாலரன் நீளமாக எறிந்து ஜெயித்தான். அப்பா கத்தினார், அடிவயிற்றிலிருந்து. கத்தல் பாதியில் அவருக்கு நினைவு வந்தது. வாய் திறந்தபடியே நின்றது. கீழறையில் துணி உலர்த்தி சுற்றும் சத்தம் கேட்டது.

அம்மா சொன்னாள், "கத்துங்க. கீழ கேக்கட்டும்."

ஜனவரி 22, செவ்வாய்

லீக்கின் வக்கீல்கள் அண்ணனை வியாழனன்று விசாரிக்கிறார்கள். மறுபடி கெஞ்சினேன். "முடிஞ்சுது விடு" என்றான்.

ஜனவரி 24, வியாழன்

சொன்னானாம்: பழைய பந்தை மறந்துபோய்ப் பையில் போட்டுவிட்டேன். யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது.

"மறந்துட்டேன்னா நம்பினாங்களா?"

"நம்பல. ஆனா அவங்களுக்கு அது போதும்."

ஆய்வேட்டில் உண்மை என்ற சொல்லை நான் எத்தனை இடத்தில் எவ்வளவு லேசாகப் போட்டிருக்கிறேன் என்று பார்த்தேன். பாதியை அடித்துவிட்டேன்.

ஜனவரி 26, சனி

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணனுக்கு வாக்குக் கொடுத்தேனா இல்லையா என்று இரண்டு நாளாக எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். காரணம் அது இல்லை. காலையில் அவர் ரொட்டியைக் காபியில் தோய்த்தபடி, "அவன் ஏன்டி அப்படிப் பண்ணான்? எதுக்கு?" என்று கேட்டார். அதை அவர் கேட்டிருக்கக் கூடாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க சொன்னீங்க, அதான் பண்ணான்."

"நானா?"

"அக்டோபர்ல. இதே மேசையில. ஜெயிச்ச பந்துலயே ஆரம்பின்னு."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"சொன்னீங்க" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி. "நான்தான் சூப் ஊத்திட்டிருந்தேன். ரெண்டு தடவ சொன்னீங்க."

மீதியையும் சொன்னேன். ஹாலரன் கேட்டதை. போன வாரக் காற்றை. அண்ணன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதை. அந்த இடத்தில் மட்டும் அவர் தலை நிமிர்ந்தது.

"எனக்காகவா?"

எழுந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பனி வாரினார். அங்கே வார ஒன்றும் இல்லை, நேற்றே வாரியாகிவிட்டது. வெறும் சிமென்ட்டில் மண்வெட்டி உரசும் சத்தம் மதியம்வரை.

ஜனவரி 29, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நாலு மணிச் செய்திக்குப் பிறகு ஒரு லைன் எடுத்தேன்.

"மேடம். செல்மோ."

பழக்கத்தில் என் வாய் சொன்னது: "சொல்லுங்க சார், எதப் பத்தி?"

"பந்தப் பத்தி. அந்த யோசனை என்னோடதுன்னு சொல்லணும்."

'செல்மோ' என்று அடித்தேன். அழித்தேன்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"அப்பா, வேணாம்" என்றேன், ரகசியக் குரலில். "சிரிப்பாங்க. அவனுக்குப் பிடிக்காது."

"தெரியும்." மூச்சு வாங்கினார். "நீங்க போடறத போடுங்க மேடம். போடலன்னா நாளைக்கும் கூப்பிடுவேன்."

ஒரு பொத்தானை அழுத்தினால் லைன் போய்விடும். அண்ணன் கேட்டதும் அதைத்தான். திரையில் ஒரு வரி எழுத வேண்டும். மிக் காத்திருந்தான். எழுதினேன்: 'செல்மோ. ஈஸ்ட் பிராவிடன்ஸ். என்ன நடந்தது என்று தெரியும் என்கிறார்.' மிக் கண்கள் விரிந்தன. விரல்.

"செல்மோ! எங்கய்யா போயிட்ட? உன் குரலுக்கு நாங்க வாடகை குடுக்கணும்."

"மிக், அதுல யாரும் ஊசி போடல. அது முந்தின ஆட்டம் ஜெயிச்ச பந்து. ஜெயிச்ச பந்துலயே ஆரம்பின்னு சொன்னது நான்."

"நீயா? நீ எப்பய்யா கோச் ஆன?"

"அதுல புதுக் காத்து அடிச்சா வேற பந்தாயிடும்னு ஹாலரன் பயந்தான். அளக்கக் குடுக்காதன்னு அவன்தான் சொன்னான். போன வாரக் காத்து வேணும்னு."

மிக் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். லூசு, நல்ல லூசு, பிரமாதம். "ஓ. காத்துக்கு ஞாபக சக்தி இருக்குங்கற."

"எனக்கும் இப்ப கேட்டா பைத்தியக்காரத்தனமாத்தான் இருக்கு."

"இரு, இதுக்கு ஒருத்தர் கருத்து சொல்லணும்" என்று மிக் பொத்தானைத் தட்டினான். *என் மகனா இருந்தாலும் சரி, கைய ஒடச்சு...*

அப்பா தன் குரல் முடியும்வரை பொறுத்திருந்தார்.

"ஆமா" என்றார். "அவன் என் மகன்தான்."

"யாரு?"

"துவார்த்தே. என் பேரு அன்செல்மோ ஃபுர்ட்டாடோ."

மிக் மெதுவாகக் கண்ணாடிப் பக்கம் திரும்பினான். நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வானொலியில் மௌனத்தைவிடப் பெரிய குற்றம் இல்லை. அந்தக் குற்றம் நடந்தது, ஊர் முழுக்க, கார்களில், கடைகளில்.

"அவ்வளவுதான் மிக்" என்றார் அப்பா. "ரொம்ப நன்றி மேடம்." வைத்துவிட்டார்.

பிறகு எல்லா லைனும். டீனா அழுதாள். அவள் ஒருத்தி மட்டும். மற்றவர்கள் — அப்பனும் பிள்ளையும் சேர்ந்து கேப்டனை மாட்டிவிடப் பார்க்கிறார்கள். எவ்வளவு பணம் வாங்கினார்கள். போர்ச்சுகீசியனுங்களே இப்படித்தான். காற்றுக்கு ஞாபகமாம். பட் மட்டும் சொன்னான்: "என் லாரில போன வருஷத்துலேர்ந்து ஒரே சாக்ஸ்தான் மிக். நான் நம்பறேன்." எல்லாரும் அதற்கும் சிரித்தார்கள்.

ஆக, சொல்லியாகிவிட்டது. யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சமையலறையில் நின்றிருந்தான். காரில் கேட்டிருக்கிறான். முகம் சிவந்திருந்தது.

"உங்கள யாரு கேட்டா?" என்றான் அப்பாவிடம். "யாரு கேட்டா உங்கள? ஊரே காறித் துப்புது. இப்ப சந்தோஷமா?"

"யாரும் கேக்கல" என்றார் அப்பா.

"அப்புறம் எதுக்கு?"

அப்பா யோசித்தார். அவர் யோசிப்பதை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. "அந்தத் துண்ட அவங்க தினமும் போடறாங்க" என்றார். "அதுக்கப்புறமும் ஒண்ணு பேசணும்னு இருந்தது."

அண்ணன் கதவை அறைந்துவிட்டுப் போனான். கார் கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். கிளம்பவில்லை. அம்மா ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, மேலே துணி போட்டு எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஜனவரி 30, புதன்

வேலையை விட்டேன். மிக் வாசல்வரை வந்தான். "அந்தத் துண்ட இனிமே போட மாட்டேன். சத்தியமா."

ஜனவரி 31, வியாழன்

போட்டான்.

பிப்ரவரி 3, ஞாயிறு

இறுதி ஆட்டம். ஜெயித்துவிட்டார்கள். தெருவெல்லாம் ஹாரன். நாங்கள் பார்க்கவில்லை. அப்பா கீழறையில் ஒரு குழாயைப் பழுது பார்த்தார். அது ஒழுகவே இல்லை.

மார்ச் 12, செவ்வாய்

தீர்ப்பு. அணிக்கு அபராதம். ஹாலரனுக்கு 'இன்னும் கவனமாக இருந்திருக்கலாம்' என்று ஒரு வாக்கியம். துவார்த்தே ஃபுர்ட்டாடோ இனி லீக்கில் எந்த அணியிலும் வேலை செய்ய முடியாது.

படித்துவிட்டு அண்ணன் கேட்டான், "என் பேரச் சரியா எழுதியிருக்காங்களா?" சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

ஜூன் 15, சனி

அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. பனிச்சறுக்கு அரங்கில் பனித்தளத்தை வழவழப்பாக்கும் வண்டி ஓட்டுகிறான். குழந்தைகள் கையாட்டுகிறார்களாம். அப்பாவோடு இன்னும் பேசுவதில்லை. உப்பைக் கேட்டால் என்னிடம் கேட்கிறான்.

மூன்றாம் அத்தியாயத்தை முடித்துக் கொடுத்தேன். முன்பு இருந்ததைவிடச் சின்னது.

செப்டம்பர் 8, ஞாயிறு

புதுப் பருவத்தின் முதல் ஆட்டம். டிவியைப் போட்டது அம்மா.

நீலச் சட்டை கொடியில் தொங்குகிறது, என் உள்பாவாடைக்கும் மேசை விரிப்புக்கும் நடுவில். சாயம் போய், என் வெள்ளை ரவிக்கை ஒன்று இளநீலமாகிவிட்டது. அப்பா பழைய ஸ்வெட்டரில், சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவர் ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சாய்வு நாற்காலி காலியாக இருந்தது. பிப்ரவரியிலிருந்தே அப்படித்தான்.

அண்ணன் தாமதமாக வந்தான், வேலைச் சட்டையோடு. தட்டில் வைத்த சூப் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு திரும்பினான், உட்கார இடம் தேடினான். சோபாவில் அம்மாவின் துணி மடிப்பு, என் புத்தகங்கள். ஒரு கணம் நின்றான். பிறகு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தான்.

அம்மா கையில் இருந்த துண்டு பாதி மடிப்பில் நின்றது.

திரையில் எதிரணி நம் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் வரிசை கட்டி நின்றது. அப்பாவின் கண் நாற்காலிக்குப் போனது, திரைக்குப் போனது, மறுபடி நாற்காலிக்கு. அண்ணனும் பார்த்தான். கரண்டியை வைக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

எதிரணி டச்டவுன் போட்டது.

அப்பா எழுந்து சமையலறைக்குப் போனார். இழுப்பறை திறக்கும் சத்தம். இனிப்பு ரொட்டியையும் கத்தியையும் பலகையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். முதல் கால்பகுதிகூட முடியவில்லை. ரொட்டியை வெட்டினார், தடிமனாக, முதல் துண்டை அண்ணன் தட்டில் வைத்தார்.

"வெண்ணெய் எங்க, அப்பா?" என்றான் அண்ணன்.